வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லை, துணி பிழியவில்லை: செங்கோட்டைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் வாஷிங் மெஷின் உதிரிபாகம் விற்கும் சின்னக் கடை என்னுடையது. புளியரை, பண்பொழி, இலஞ்சி, வல்லம் ஆட்கள் வருவார்கள். கணவாய்க்கு அந்தப்பக்கம் ஆரியங்காவு, தென்மலையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் வருவார்கள். ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. மெஷின் நன்றாகப் பிழிந்து கொடுத்தால்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை மறுநாளைக்கு ஆகும். மெஷின் நிற்பதும் அந்த நேரத்தில்தான்.

கல்லாவுக்கு முன்னால் நின்று கேட்கிற கேள்விகள் வருஷா வருஷம் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதிப் பதில் தந்திருக்கிறேன். எதைத் தொடுவதற்கு முன்னாலும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. தரை ஈரமாக இருந்தால் காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும்.

"அண்ணாச்சி, தண்ணியும் போகல, துணியும் பிழியல. இது ரெண்டு ரிப்பேரா, ஒண்ணா?"

பெரும்பாலும் ஒன்றுதான். ஆட்டோமேட்டிக் மெஷின் எந்த வகையானாலும், தொட்டியில் தண்ணீர் நிற்கும்வரை வேகமாகச் சுற்றாது. உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க ஒரு சென்சார் உண்டு. தொட்டி காலி என்று அது சொன்ன பிறகுதான் பிழிகிற வேலை ஆரம்பிக்கும். அதனால் முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். தண்ணீர் போக வழி செய்துவிட்டால் சுற்றுவது தானாகச் சரியாகிவிடுவதுதான் வழக்கம்.

செமி ஆட்டோமேட்டிக்கில் கணக்கு வேறு. துவைக்கும் தொட்டிக்கு ஒரு மோட்டார், டிரையருக்கு ஒரு மோட்டார் என்று தனித்தனியாக இருக்கும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

"எங்க வீட்டுல இருக்கறது எந்த வகைன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

இரண்டு தொட்டி, மேலே திருகும் குமிழ்கள் என்றால் செமி ஆட்டோமேட்டிக். முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு இருந்தால் ஃப்ரண்ட் லோடு. மேலே மூடி, உள்ளே ஒரே தொட்டி என்றால் டாப் லோடு.

ஃப்ரண்ட் லோடில் தண்ணீரை வெளியே தள்ளுவது பம்ப். நம் ஊரில் விற்கும் டாப் லோடு பலவற்றில் பம்ப் கிடையாது. அடியில் ஒரு வால்வு இருக்கும். டிரெயின் மோட்டார் என்கிற சின்ன மோட்டார் அந்த வால்வை இழுத்துத் திறக்கும், தண்ணீர் தன் எடையாலேயே இறங்கிப் போகும். பம்ப் வைத்த டாப் லோடும் உண்டு. தண்ணீர் வெளியேறும்போது 'ர்ர்ர்' என்று தொடர்ந்து இரைந்தால் பம்ப். 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் என்றால் வால்வு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பாதிப் பதில்களுக்கு இது வேண்டும்.

"உள்ள நிக்கிற தண்ணிய முதல்ல எப்படி வெளிய எடுக்க?"

டாப் லோடு, செமி ஆட்டோமேட்டிக் என்றால் துணியை எடுத்துவிட்டுச் செம்பால் மொண்டு வாளியில் ஊற்றலாம். வடிகுழாயைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்தும் பாருங்கள், அதிலேயே போனாலும் போகும்.

ஃப்ரண்ட் லோடின் கதவைத் திறக்க முயலாதீர்கள். கீழே வலது மூலையிலோ இடது மூலையிலோ சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் ஒரு வட்டத் திருகும், பல மாடல்களில் பக்கத்திலேயே விரல் அளவு ரப்பர் குழாயும் இருக்கும். குழாயை வெளியே இழுத்துத் தட்டில் வைத்து, அதன் வாயிலுள்ள சின்ன மூடியைக் கழற்றினால் தண்ணீர் வரும். தட்டு நிறைந்ததும் அந்த மூடியைப் போட்டுவிட்டுக் கொட்டுங்கள். பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம், பொறுமை வேண்டும். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை தொடவே வேண்டாம்.

"ஃபில்டர்னு ஒண்ணு இருக்கறதே இப்பதான் தெரியுது. அதை எப்படிக் கழட்ட?"

மேலே சொன்ன வட்டத் திருகுதான் அது. தண்ணீரை வடித்த பிறகு, கீழே பழைய துணியை விரித்துவிட்டு இடப்பக்கமாகத் திருகுங்கள். கொஞ்சம் தண்ணீர் இன்னும் வரும். இழுத்தால் நூல், முடி, சோப்புக் கசடு எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறத்தில் வெளியே வரும். ஒரு ரூபாய் நாணயம், ஊக்கு, சட்டைப் பட்டன், உள்ளாடைக் கம்பி, குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ் எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். கார்த்திகை, மார்கழியில் கறுப்பு வேட்டி சட்டை துவைக்கும் வீடுகளில் அறுந்த துளசி மாலை மணிகள் வரும். அந்த மணிகள் உருண்டு போய்ப் பம்ப் விசிறியில் சரியாகச் சிக்கிக்கொள்ளும்.

ஃபில்டரைக் கழுவினால் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். அது இருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சின்ன விசிறி தெரியும். ஒரு குச்சியால் தள்ளிப் பாருங்கள். விட்டுவிட்டுத் தட்டித் தட்டிச் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் சுற்றும், பழுது என்று பயப்பட வேண்டாம். அசையவே இல்லை என்றால் ஏதோ சிக்கியிருக்கிறது. எந்தத் தடுப்பும் இல்லாமல் வழவழவென்று சுற்றினால் விசிறி தண்டை விட்டுக் கழன்றிருக்கலாம்.

திரும்ப மூடும்போது ரப்பர் வளையம் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிற வீட்டிலிருந்து என் கடைக்குப் பம்ப் வாங்க ஆள் வருவது அபூர்வம்.

"டாப் லோடு மெஷின். பைப்பை ஜன்னல் வழியா மேல தூக்கி வெளிய விட்டிருக்கோம். அதனால என்ன?"

உங்கள் மெஷின் வால்வு வகையாக இருந்தால் கோளாறே அதுதான். தன் எடையால் இறங்கும் தண்ணீர் மேட்டில் ஏறாது. குழாய் தரையை ஒட்டியே போக வேண்டும். வாசற்படியைத் தாண்டுவதற்காக ஒரு சாண் தூக்கினால்கூட அடியில் தண்ணீர் தங்கும், சென்சார் 'காலி' என்று சொல்லாது, மெஷின் பிழியாது. தரையில் சாக்கடை வாய் இல்லை என்றால் மெஷினையே ஒரு மேடையிலோ உறுதியான ஸ்டாண்டிலோ ஏற்றி வையுங்கள்.

"ஃப்ரண்ட் லோடுக்கும் பைப் தரையிலதான் கிடக்கணுமா?"

அதற்கு நேர் எதிர். பம்ப் இருப்பதால் குழாயின் வாய் தரையிலிருந்து சுமார் 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். சரியான அளவு உங்கள் மெஷின் கையேட்டில் இருக்கும். தரையில் போட்டால் வேறு தொல்லை வரும், அதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

"பைப்பை நீட்டி தென்னைமரத்து மூட்டுக்கு விட்டிருக்கோம். அதுல தப்பு இருக்கா?"

ஆசை நியாயமானது. ஆனால் வால்வு வகை மெஷினுக்கு நீண்ட குழாய் ஆகாது. வழியில் தொய்கிற இடத்திலெல்லாம் தண்ணீரும் கசடும் தங்கும். பம்ப் வகையிலும் இழுத்துக்கொண்டே போனால் பம்புக்குச் சுமை. குழாயைக் கிட்டத்தில் ஒரு தொட்டியிலோ வாயகன்ற பிவிசி குழாயிலோ விட்டு, அங்கிருந்து சரிவாகத் தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று: வெளியே நீட்டி வைத்த குழாய் வாயில் குளவி மண்கூடு கட்டும். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் ஒரு வருஷம் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, "நல்லா இருந்த மெஷின்தானே" என்று வருத்தப்படுவார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது குழாயின் வாயை. ஊருக்குப் போகும்முன் வாயில் ஒரு வலைத்துணி கட்டிவிட்டுப் போகலாம், திரும்பி வந்ததும் மறக்காமல் அவிழ்க்க வேண்டும். பூட்டிக் கிடந்த வீட்டில் சோப்புக் கசடு காய்ந்து பம்ப் விசிறியும் இறுகியிருக்கும். மேலே சொன்னபடி ஃபில்டரைக் கழற்றி, குச்சியால் மெல்ல அசைத்துவிட்டால் பல நேரம் உயிர் வந்துவிடும்.

"தண்ணி சுத்தமாப் போயிருது. ஆனா சுத்தப் போகுது, நிக்குது, திரும்பத் தண்ணி எடுக்குது. ஒரு மணி நேரமா இதேதான்."

உள்ளே பாரம் ஒரு பக்கமாகச் சேர்ந்திருக்கிறது. வேகமாகச் சுற்றினால் தொட்டி அடித்துக்கொள்ளும் என்று மெஷின் நிறுத்தி, தண்ணீர் விட்டுத் துணியைக் கலைத்துப் பார்க்கிறது. ஒற்றைப் போர்வை, ஒற்றை ஜீன்ஸ், கனத்த கால்மிதி போட்டால் இப்படித்தான் ஆகும். கூட இரண்டு கெட்டித் துண்டைப் போடுங்கள், அல்லது துணியைக் கையால் உதறி வட்டமாகப் பரப்பிவிட்டுப் பிழிவதை மட்டும் ஓடவிடுங்கள். நிறையத் திணித்தாலும் இதே கதைதான்.

ரெயின் கோட்டு, தார்ப்பாய், ரப்பர் பூசிய விரிப்பு இவற்றைப் பிழியவே போடாதீர்கள். மழையில் ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவர்கள் வீட்டிலும், பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டிலும் இதை நிறையப் பார்க்கிறேன். தண்ணீர் புகாத துணி தண்ணீரை விடவும் விடாது. மடிப்பில் பை மாதிரித் தேங்கிய தண்ணீர் பாதி வேகத்தில் திடீரென்று வெளியேறினால் தொட்டி ஒரேயடியாக ஒரு பக்கம் சாய்ந்து மோதும். மெஷின் உடைந்துபோகும் அளவுக்கு அது ஆபத்து. கையால் அலசி, திண்ணையில் தொங்கவிடுங்கள்.

துணி சரியாக இருந்தும் ஆடினால் நான்கு காலும் தரையில் உட்கார்ந்திருக்கிறதா என்று மூலைக்கு மூலை அழுத்திப் பாருங்கள்.

"வீடு மாத்தி வந்ததுல இருந்து ஃப்ரண்ட் லோடு பிழியும்போது இடி மாதிரி அடிக்குது."

கொண்டுவரும்போது தொட்டி ஆடாமல் இருக்கப் பின்பக்கம் நீளமான போல்ட்டுகள் மாட்டி வந்தீர்களா? அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் இப்படி அடிக்கும். உடனே நிறுத்திக் கழற்றுங்கள். மாட்டாமலே லாரியில் கொண்டுவந்திருந்தால், தொட்டியின் ஆட்டத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பரைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"மெஷின் முழுக்க நுரை. நுரைதான் போகமாட்டேங்குது."

நம் பக்கத்து மலைத்தண்ணீர் மென்மையானது. கொஞ்சம் பவுடருக்கே பொங்கும். கிழக்கே போர்வெல் உப்புத்தண்ணீரில் துவைத்துப் பழகியவர்கள் இங்கே வந்தும் அதே அளவு போடுகிறார்கள். பம்ப் தண்ணீரைத் தள்ளும், நுரையைத் தள்ள முடியாது. காற்றை இழுத்துக்கொண்டு சும்மா இரையும். தொட்டியைச் சுற்றி நுரை இருந்தால் வேகமும் ஏறாது.

அரை மணி நேரம் அப்படியே விடுங்கள், நுரை அடங்கும். பிறகு பவுடர் இல்லாமல் அலசுவதை மட்டும் இரண்டு தடவை ஓட்டுங்கள். அடுத்த முறை பாதி அளவு பவுடர் போதும். கையால் துவைக்கிற பவுடரை ஃப்ரண்ட் லோடில் போடவே கூடாது.

"செமி ஆட்டோமேட்டிக். டிரையர் 'ம்ம்ம்'னு சத்தம் போடுது, சுத்தமாட்டேங்குது."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விரல் நுழையும் இடுக்கு மட்டும் விட்டு மூடியைக் கிட்டத்தட்ட மூடி, அந்த இடுக்கு வழியே டிரையர் கூடையைத் தள்ளிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கைக்குட்டையோ சாக்ஸோ கூடைக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே விழுந்திருக்கும், அல்லது பிரேக் விடாமல் பிடித்திருக்கும். துணியைச் சமமாக அமுக்கி, மேலே மெஷினோடு வந்த பிளாஸ்டிக் வட்டத்தட்டை வைத்தால் இப்படி விழாது. பல வீடுகளில் அந்தத் தட்டு பரணில் கிடக்கிறது.

கூடை லேசாகச் சுற்றுகிறது, ஆனால் மின்சாரம் கொடுத்தால் முனகல் மட்டும்தான் என்றால் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போயிருக்கும். சிலர் கண்டென்சர் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். விலை குறைந்த சாமான். பழையதைக் கையோடு கொண்டுவாருங்கள், அதே அளவு போட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் பழக்கமில்லாதவர்கள் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். முனகிக்கொண்டே விட்டுவைத்தால் மோட்டார் எரிந்துவிடும்.

"டிரையர்ல சத்தமே இல்ல. மூடி சுவிட்சுதான் போச்சாம். வயரை நேரா சேத்துக் குடுங்களேன்?"

செய்ய மாட்டேன். தயவுசெய்து வேறு யாரிடமும் செய்யச் சொல்லாதீர்கள். மூடியைத் திறந்ததும் மின்சாரத்தை வெட்டுவது அந்தச் சுவிட்சுதான். டிரையர்கள் பலவும் நிமிடத்துக்கு 1300 சுற்றுக்கு மேல் ஓடும். நேராகச் சேர்த்துவிட்டால் மூடி திறந்திருக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். துணி நுனி விரலில் சுற்றிக்கொண்டால் கை போய்விடும். பிள்ளைகள் எட்டிப் பார்க்கும் உயரத்தில்தான் அந்தத் தொட்டி இருக்கிறது. மூடி சுவிட்ச் மலிவானது, ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம்.

அதற்கு முன், டிரையர் டைமர் ஓடுகிறதா, மூடி முழுதாக அமர்கிறதா என்று பாருங்கள். மூடியில் சுவிட்சை அழுத்தும் சின்னக் கொம்பு உடைந்திருந்தாலும் இதே கோளாறுதான் காட்டும்.

"செமி ஆட்டோமேட்டிக்ல டிரெயின் குமிழைத் திருப்பினாலும் தண்ணி இறங்கல."

குமிழ் லூசாகச் சுற்றினால் வால்வை இழுக்கும் கம்பியோ நாடாவோ அறுந்திருக்கிறது. இறுக்கமாகத் திரும்பியும் போகவில்லை என்றால் வால்வில் நூல் கசடு அடைப்பு. துவைக்கும் தொட்டியில் நூல் கசடைப் பிடிக்கும் வலைப் பையை ஒவ்வொரு தடவையும் கழுவினால் இது வருவது குறையும்.

"வடியுறதும் இல்ல, பிழியறதும் இல்ல. ஆனா பைப் தரையிலதான் இருக்கு, அடைப்பும் இல்ல. டாப் லோடு."

டிரெயின் மோட்டாரைச் சந்தேகப்படுங்கள். வால்வு வகை மெஷின்களில் அது ஒரே இழுப்பில் இரண்டு வேலை செய்யும்: வால்வைத் திறக்கும், தொட்டியை மோட்டாரோடு இணைக்கும் கிளட்சையும் பிழியும் நிலைக்கு மாற்றும். அது வேலை செய்யாவிட்டால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். தண்ணீர் நன்றாகப் போய், தொட்டி மட்டும் சுற்றவில்லை என்றால் கிளட்ச் அல்லது பெல்ட்.

சாயங்காலம் மட்டும் இந்தக் கோளாறு வருகிறதா? அப்படியானால் வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ரொம்பக் குறைந்தால் டிரெயின் மோட்டார் முழுதாக இழுக்காது. காலையில் ஓடி, ராத்திரி நிற்கிற மெஷினுக்குப் பாகம் வாங்க வேண்டாம்.

"ஏதோ எழுத்து காட்டுது. அதுக்கு என்ன அர்த்தம்?"

கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எல்ஜியில் 'ஓஇ' என்றால் தண்ணீர் வடியவில்லை, 'யூஇ' என்றால் பாரம் ஒரு பக்கம். சாம்சங்கில் '5சி', பழைய மாடல்களில் '5இ', வடியாததைக் குறிக்கும். பாஷில் 'இ18' பம்ப் அடைப்பு. எழுத்து இடத்தைத்தான் காட்டும், எந்தப் பாகம் என்று சொல்லாது. 'ஓஇ' வந்தால் பம்ப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள்.

"எலி கடிச்சிருக்குமோ?"

மழைக்காலத்தில் நிறையவே நடக்கிறது. மெஷினின் அடிப்பக்கம் திறந்திருக்கும், உள்ளே கதகதப்பாகவும் இருக்கும். அடியில் ரப்பர் துணுக்கு, எலிப் புழுக்கை கிடந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வயர், பெல்ட், வடிகுழாய் மூன்றையும் பாருங்கள். கடிபட்ட வயருக்கு டேப் ஒட்டி ஓட்டாதீர்கள், அது தண்ணீர் புழங்கும் இடம். அடித்தட்டு வலை கடையில் கிடைக்கும்.

"மெக்கானிக் போர்டு போச்சுன்னு சொல்றார். நம்பலாமா?"

மெஷினை இயக்கும் எலெக்ட்ரானிக் அட்டைதான் போர்டு. அது போகும்தான். இடி மின்னல், ஈரம், உள்ளே புகுந்த பல்லி எல்லாம் அதைக் கெடுக்கும். ஆனால் அது கடைசியாகச் சொல்ல வேண்டிய பதில். புளியரையிலிருந்து ஒரு வயதான அம்மா போர்டு விலை கேட்டு வந்தார். பென்ஷன் பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். ஃபில்டரைத் திறந்து பார்த்தார்களா என்று கேட்டேன். ஃபில்டரா, அது எங்கே இருக்கிறது என்றார். பேரனைப் போனில் பிடித்து, மேலே எழுதியிருக்கிற மாதிரியே வரிசையாகச் சொன்னேன். ஒரு ஊக்கும் பேத்தியின் முடி கிளிப்பும் வந்தன. அன்று மத்தியானமே மெஷின் ஓடியது. அந்தப் பணம் அப்படியே முடிச்சோடு திரும்பிப் போனதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்.

ஆகவே போர்டு என்று சொன்னால் மரியாதையாக ஒன்றைக் கேளுங்கள்: "தண்ணீர் வெளியேற்றும் நேரத்தில் பம்புக்கு மின்சாரம் வருகிறதா என்று மீட்டர் வைத்துக் காட்டுங்கள் அண்ணே." மின்சாரம் வந்தும் ஓடவில்லை என்றால் பம்ப் கெட்டது. வரவில்லை, வயரும் அறவில்லை என்றால் போர்டுதான், தாராளமாக மாற்றுங்கள். வேலை தெரிந்தவர் இதைச் செய்துகாட்டத் தயங்க மாட்டார்.

"ஃப்ரண்ட் லோடு. தண்ணி வருது, வந்த வேகத்துல போயிருது, நிரம்பவே மாட்டேங்குது."

உயரம் பற்றி மேலே பாக்கி வைத்தது இதுதான். குழாய் வாய் தாழ்வாக இருந்தால், டேங்கிலிருந்து டியூப் போட்டு உறிஞ்சி எடுப்பது போலத் தண்ணீர் தானே இழுத்துக்கொண்டு போகும். குழாயைச் சாக்கடைக் குழாய்க்குள் ஆழமாகச் செருகி, சுற்றிலும் துணி வைத்து அடைத்தாலும் இதே விளைவு. கொஞ்சம் வெளியே இழுத்து, சுற்றிலும் காற்றுப் போக இடம் விட்டு, உயரத்தில் கொக்கியில் மாட்டுங்கள்.

"எல்லாம் பாத்தாச்சு. தொட்டி காலி, பம்ப் புதுசு. இருந்தும் தண்ணி இருக்குன்னு நெனச்சு பம்ப் ஓடிக்கிட்டே இருக்கு."

முதல் கேள்வியில் சொன்ன சென்சாருக்குப் போகிறோம். தொட்டியின் அடியிலிருந்து அதற்கு ஒரு மெல்லிய குழாய் போகும். தண்ணீர் ஏற ஏற அதிலுள்ள காற்று அழுந்தும், அதை வைத்துத்தான் அளவு தெரியும். அடியில் சோப்புக் கசடு அடைத்தால் அழுந்திய காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும், காலித் தொட்டியும் நிறைந்ததாகத் தெரியும்.

பிளக்கைப் பிடுங்கி, மேல்மூடியைக் கழற்றி, அந்தக் குழாயைச் சென்சாரிலிருந்து பிரித்துத் தொட்டிப் பக்கமாக மெல்ல ஊதுங்கள். களகளவென்று சத்தம் வந்து அடைப்பு விலகும். சென்சார் பக்கமாக ஊதக் கூடாது, உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிடும். குழாயின் நுனியில் விரிசல் இருந்தால் அந்த நுனியை வெட்டிவிட்டு மாட்டுங்கள். மாட்டிய பிறகு துணி இல்லாமல், பிழிவதை மட்டும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பம்ப் ஒரு நிமிஷம் போல ஓடி நின்று, தொட்டி வேகமெடுத்தால் அடுத்த வாளித் துணியைக் கொண்டுவரலாம்.